கீமோ போட்டு வீட்டுக்குப் போன பிறகு: எந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும்

சென்னையில் குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டு ஒன்றில் 19 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கியதும் எல்லா அம்மாக்களும் கேட்பது ஒன்றைத்தான்: "வீட்டுல என்ன பாக்கணும் சிஸ்டர்?" நான் சொல்வேன். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், இடுப்பில் பிள்ளை தூங்கி வழியும், அப்பா காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் வரிசையில் நிற்பார். பாதிதான் காதில் ஏறும். அதனால் வார்டில் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். குழந்தைகளுக்கு அதிகமாக வருவது ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். இரண்டிலிருந்து மூன்று வருடம் ஓடும் சிகிச்சை அது. நான் சொல்வதில் பெரும்பகுதி அதை வைத்துத்தான்.

கீமோவின் தொல்லைகள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. வாந்தி முதல் ஓரிரு நாளில். வாய்ப்புண் ஐந்தாம் நாளை ஒட்டி. ரத்த அணுக்கள், அதாவது நாம் 'கவுன்ட்' என்று சொல்வது, அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள். முடி கொட்டுவது இரண்டு மூன்று வாரம் கழித்து. மருந்துக்கு மருந்து இது கொஞ்சம் முன்பின் ஆகும். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். கீமோ போட்ட நாளை '1' என்று போட்டு, தினமும் நாலு விஷயம் எழுதுங்கள்: உடம்புச் சூடு எவ்வளவு, என்ன சாப்பிட்டான், வெளிக்குப் போனானா, வாய் எப்படி இருக்கிறது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, எழுதப் படிக்க அவ்வளவாக வராது, வெளிக்குப் போன நாளுக்கு ஒரு வட்டம், போகாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தார். வின்கிரிஸ்டின் என்கிற கீமோ ஊசி ஒவ்வொன்றுக்குப் பிறகும் வரிசையாக நாலு பெருக்கல் குறி. அதைப் பார்த்துத்தான் டாக்டர் மலமிளக்கும் மருந்தை ஊசி போடும் அன்றே தொடங்கச் சொன்னார்.

காய்ச்சல்

மற்றதெல்லாம் மறந்து போனாலும் இதை மறக்கக் கூடாது.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். கையை வைத்து "சுடுது", "சுடல" என்று பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது. அக்குளில் வேர்வையைத் துடைத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை வைக்க வேண்டும். ஆசனவாயில் மட்டும் ஒருபோதும் வைக்கக் கூடாது. கவுன்ட் இறங்கியிருக்கும்போது அங்கே சின்னக் கீறல் பட்டாலும் கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும்.

101 டிகிரி ஒரு தடவை காட்டினாலே கிளம்ப வேண்டும். 100.4 காட்டினால் அப்போதே போன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால் கிளம்பியாக வேண்டும். அக்குள் அளவு உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அதனால் "100 தானே இருக்கு" என்று தெர்மாமீட்டரோடு வாதாட வேண்டாம். பிள்ளை சோர்ந்து கிடந்தால் நம்பரைப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

எங்களுக்குப் போன் செய்வதற்கு முன்னால் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இதைச் சொன்னால் பாட்டிகளுக்குக் கோபம் வரும்: "புள்ள கொதிக்குது, மருந்து குடுக்காதன்னா?" மருந்து காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை இறக்காது. வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் வராது, தொண்டை சிவப்பதுகூடத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் உடம்பு அடிக்கும் மணி. அதை அமுக்கிவிட்டால் நமக்கு எதுவும் தெரியாது. பல வருடத்துக்கு முன் ஒரு பையனுக்கு வீட்டருகில் வாங்கிய சிரப்பை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்து இரண்டு நாள் சமாளித்திருந்தார்கள். மூன்றாம் நாள் கொண்டுவந்தபோது கைகால் சில்லிட்டு, நாடி பிடிக்கவே முடியவில்லை. பிழைத்தான். ஆனால் பதினோரு நாள் ஐ.சி.யு.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கேஸுவாலிட்டியில் வரிசையில் உட்கார வேண்டாம். "கீமோ போட்ட பிள்ளை, காய்ச்சல்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள், சென்னைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் முதல் டோஸ் போட்டுக்கொண்டு அப்புறம் வரலாம். அதற்கு என்ன மருந்து என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஸ்டீராய்டு சாப்பிடும் மாதத்தில் இன்னொரு சிக்கல். அந்த மருந்தே காய்ச்சலை மறைக்கும். அப்போது பார்க்க வேண்டியது: கைகால் குளிர்ச்சி, மூச்சு வேகம், வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இதில் எது இருந்தாலும் தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் வாருங்கள்.

மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் போர்ட்டோ, கையில் போடும் குழாயான பிக் லைனோ வைத்திருக்கும் பிள்ளைக்கு, அதைச் சுத்தம் செய்து மருந்து ஏற்றிய சற்று நேரத்தில் நடுக்கமெடுத்தால் குழாயிலேயே கிருமி இருக்கலாம். கைக்குழாய்க்குக் குளிக்கும்போது பாலிதீன் சுற்றுவது எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் டேப் ஒட்டாமல் விட்டால் சுற்றியும் பயனில்லை, உள்ளே ஈரம் போய்விடும்.

வாய்

ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு தடவை, ஜன்னல் பக்கம் நிறுத்தி, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். உதட்டின் உள்பக்கம், நாக்கின் அடி, கன்னத்தின் உள்சுவர். புண் வருவதற்கு முன்பே அந்த இடம் பளபளவென்று சிவக்கும்.

ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத குட்டிகளுக்கு, கையைக் கழுவி, விரலில் சுத்தமான காஸ் துணியைச் சுற்றி அந்தத் தண்ணீரில் நனைத்து ஈறைத் துடைத்துவிடலாம். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம். பிரஷ் மிருதுவாக இருக்க வேண்டும்; ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தி காஸ் துணிக்கு மாறுங்கள்.

வெள்ளையாகத் தயிர் ஒட்டினாற்போல் இருந்து, துடைத்தால் எளிதில் போகாவிட்டால், அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. ஆனால் வீட்டருகே உள்ள டாக்டர் பூஞ்சைக்கு மாத்திரை எழுதினால் எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அந்த வகையில் சில மாத்திரைகள் வின்கிரிஸ்டினோடு சேர்ந்தால் நரம்புப் பாதிப்பைக் கூட்டிவிடும்.

சாப்பாடு: ரசம், ஊறுகாய், புளிக்குழம்பு, முறுக்கு எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். குழைய வேக வைத்த பருப்பு சாதம், ஆறிய இட்லி பாலில் ஊறவைத்தது, ராகிக் கூழ், வாழைப்பழம் மசித்தது. சூடாகக் கொடுக்காதீர்கள். விழுங்கவே வலிக்கிறது, எச்சிலைக்கூடத் துப்புகிறான் என்றால் அது வீட்டில் பார்க்கிற புண் இல்லை. வலி மருந்தும் டிரிப்ஸும் வேண்டும்.

வாந்தி

வாந்தி மாத்திரையைப் பிள்ளை வாந்தி எடுத்த பிறகு கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. எழுதிக்கொடுத்த நேரத்தில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், வாந்தி வந்தாலும் வராவிட்டாலும் கொடுங்கள். தாளிப்பு வாசனை பட்டாலே சிலருக்குக் குமட்டும். அன்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆறிய உணவைக் கொடுக்கலாம். இன்னொன்று, பிள்ளைக்கு ரொம்பப் பிடித்த உணவைக் கீமோ அன்று செய்து தராதீர்கள். அன்று வாந்தியோடு அது வெளியே வந்தால் பிறகு மாதக்கணக்கில் அதைக் கண்டாலே முகம் திருப்புவான். பிரியாணி மேல் உயிராக இருந்த ஒரு பெண் இப்படித்தான் அதை வெறுத்துப்போனாள்.

கீமோ முடிந்த 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் மருந்து வெளியேறும். துடைக்கும்போது கையுறை போடுங்கள், துணியைத் தனியாக அலசுங்கள், கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையும் கீமோ மாத்திரையைத் தொடுவதும் அவருக்கு வேண்டாம். டானோரூபிசின், டாக்சோரூபிசின் போட்டால் சிறுநீர் ஒன்றிரண்டு நாள் ரோஸ் மில்க் மாதிரி சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், பயம் வேண்டாம். ஆனால் சைக்ளோபாஸ்பமைட் போட்ட பிறகு சிவந்தால் அது ரத்தமாக இருக்கலாம், எரிச்சலும் சேர்ந்திருக்கும். உடனே சொல்ல வேண்டும். அந்த மருந்துக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுப்பி, சிறுநீர் போக வைப்பதுதான் பாதுகாப்பு.

வின்கிரிஸ்டினும் செருப்பும்

நம் ஊர்த் தோட்டங்களிலும் சுடுகாட்டோரமும் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வருவதுதான் வின்கிரிஸ்டின். தென் மாவட்டங்களில் இதை வயலிலேயே பயிரிடுகிறார்கள். இதைச் சொன்னதும் யாராவது ஒருவர், "அப்ப அந்த இலையையே கஷாயம் வச்சுக் குடுக்கலாமா?" என்று கேட்பார். கூடாது. ஊசியில் இருப்பது மில்லிகிராம் கணக்கில் பிரித்தெடுத்த மருந்து. இலையில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. பிளேட்லெட் ஏற்றப் பப்பாளி இலைச் சாறு, ரத்தம் சுத்திகரிக்க ஏதோ ஒரு லேகியம் என்பவற்றுக்கும் இதே பதில்தான். கல்லீரல் ஏற்கெனவே மெத்தோட்ரெக்ஸேட் என்கிற கீமோ மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும். குடலின் நரம்பைத் தொட்டால் மலச்சிக்கல், தாடையைத் தொட்டால் பல்வலி போன்ற வலி, காலைத் தொட்டால் பாதம் தொங்கும். கடைசியதை அம்மாக்கள்தான் முதலில் பார்க்கிறார்கள், ஆனால் அதைச் சொல்வதில்லை. "செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது சிஸ்டர், புதுசு வாங்கணும்" என்று ஓர் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். நான் அந்தப் பையனைக் குதிகாலால் நடக்கச் சொன்னேன். முடியவில்லை. முன்பாதம் டப்டப்பென்று தரையில் விழுந்தது. செருப்பில் கோளாறு எதுவும் இல்லை. அதனால் வாரம் ஒரு முறை வீட்டிலேயே குதிகால் நடை வையுங்கள், விளையாட்டு மாதிரி. முடியாவிட்டால் சொல்லுங்கள், பிசியோதெரபியும் காலுக்கு ஒரு தாங்கியும் சரிசெய்யும். பின்வார் உள்ள செருப்பு போடுங்கள். பெரும்பாலும் மருந்து முடிந்த பிறகு மெல்லத் தேறிவிடும்.

மலச்சிக்கலுக்கு வீட்டில் கைவைத்தியம் தயாராக இருக்கும்: வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது. எனக்கும் என் பாட்டி செய்திருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம். எனிமாவும் வேண்டாம். காரணம் தெர்மாமீட்டருக்குச் சொன்னதேதான். எழுதிக்கொடுத்த சிரப்பு, நிறையத் தண்ணீர், பழுத்த பப்பாளி, கொஞ்சம் நடை. மூன்று நாள் போகாமல் வயிறு உப்பினால் வந்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு மாதம்

ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் கேட்டு அழும். ஒரு பையன் ஒரே நாளில் பதினாறு இட்லி சாப்பிட்டதை அவன் அம்மா நோட்டில் எழுதியிருந்தார். பக்கத்தில் அப்பா 'உண்மை' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். கன்னம் உப்பும். காரணமில்லாமல் கத்துவான், அடிப்பான், அப்புறம் மடியில் படுத்து அழுவான். பிள்ளை கெட்டுப் போகவில்லை, மருந்து அப்படி ஆட்டுகிறது. அடிக்காதீர்கள். பசிக்குத் தடை போடாமல் உப்பையும் சர்க்கரையையும் குறையுங்கள்: சிப்ஸுக்குப் பதில் பொரி, அவித்த கடலை. அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் போனால் சர்க்கரை ஏறியிருக்கலாம். ஒரு பரிசோதனை போதும். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுகிறான் என்றால் தொடைத் தசை இளைத்திருக்கிறது என்று பொருள், அதையும் எழுதி வையுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். "முகம் வீங்குது" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இதே காலத்தில் அஸ்பராஜினேஸ் ஊசியும் போகும். மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பரவும் வலி, விடாத தலைவலி, வலிப்பு: மூன்றும் காத்திருக்காத விஷயங்கள்.

கொசுக்கடி மாதிரிச் சிவப்புப் புள்ளிகள்

காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் எல்லோரும் கொசுக்கடி என்பார்கள். ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். மறைந்தால் கொசு. மறையாவிட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். சில்லு மூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முன்பக்கம் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைக் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்கவில்லை என்றாலும், மலம் கறுத்துப் போனாலும், தலைவலியோடு வாந்தி வந்தாலும் கிளம்புங்கள். வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கூடாது. தெருமுனை கிளினிக்கில் தொடையில் ஊசி போடவும் கூடாது.

வாரத்தில் ஒரு நாள்

இது என் தவறு, அதனால் நானே சொல்கிறேன். நோய் அடங்கிய பிறகு நீண்ட காலம் மாத்திரையோடு ஓடும் பராமரிப்புச் சிகிச்சையில் சிக்ஸ் எம்.பி. (மெர்கேப்டோபியூரின்) மாத்திரை தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும். ஒரு மாலை அவசரத்தில் இரண்டு கவரையும் சேர்த்துக் கொடுத்து, "ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா இரண்டையும் தினமும் கொடுத்தார். ஐந்தாம் நாள் வாயெல்லாம் வெந்து வந்தாள் பிள்ளை. அன்றிலிருந்து நான் மெத்தோட்ரெக்ஸேட் கவரில் கிழமையைப் பெரிதாக எழுதி, "எந்தக் கிழமை?" என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்காமல் விடுவதில்லை. நீங்களும் வீட்டுக் காலண்டரில் அந்தக் கிழமைகளை வட்டம் போட்டு, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். சத்து டானிக் வாங்கினால் அதில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறதா என்று கேளுங்கள்; அது இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யலாம். மெத்தோட்ரெக்ஸேட் பிறந்த ஆய்வுக்கூடத்தில் ஆய்வுகளை நடத்தியவர் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதற்கு முன்னோடியான மருந்தைக் கொடுத்து 1948-ல் பாஸ்டனில்தான் முதன்முதலாக இந்த நோய் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் அடங்கியது. அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கச் சொல்லும் செப்ட்ரான், நிமோனியா வராமல் காக்க. "சளியே இல்லையே" என்று நிறுத்த வேண்டாம்.

அம்மை

நம் வீடுகளில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, வெளியே சொல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது வழக்கம். சின்னம்மை மற்ற பிள்ளைகளுக்கு வந்து போகும். கீமோ பிள்ளைக்கு நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ அம்மை என்று தெரிந்தால், கொப்புளம் வரும்வரை பார்க்காமல் அன்றே போன் செய்யுங்கள். தொற்று பட்ட முதல் சில நாளுக்குள் கொடுத்தால் பயன்தரும் மருந்து இருக்கிறது. வேப்பிலை கட்டுவதை நான் தடுப்பதில்லை; கட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். சிகிச்சை முடியும்வரை பிள்ளைக்கு உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி கிடையாது. தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.

மொட்டை

முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடப்பதைப் பார்ப்பதைவிட, கொட்டத் தொடங்கியதும் மெஷினால் ஒட்ட வெட்டிவிடுவது நல்லது. பிளேடு வேண்டாம், கீறும். பையன்களுக்கு நம் ஊரில் இது பெரிய விஷயமாவதில்லை. பழனியா திருப்பதியா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்குத்தான் கஷ்டம். முடி வெட்டுவது எந்த நாள், யார் வெட்டுவது, தொப்பியா துப்பட்டாவா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வெட்டிய சடையைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்ன ஒரு பெண் இருந்தாள். வைத்துக் கொடுத்தோம். தலையில் சூடு பறக்க எண்ணெய் தேய்க்க வேண்டாம், வெயிலில் தொப்பி இல்லாமல் விட வேண்டாம். தீவிரமான கீமோக் கட்டம் முடிந்து பராமரிப்புச் சிகிச்சைக்கு வரும்போது திரும்ப முளைக்கும், முதலில் பூனை முடி மாதிரி, சிலருக்குச் சுருளாக.